பாட்டை வெட்டும் முன்: 'வள்ளி திருமண'த்தை மேடையேற்றுவோருக்கு ஒரு பாடம்

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு, சங்க ஆண்டு விழா நாடகம் என்றால் பெரும்பாலும் ஒன்றரை மணி நேர நகைச்சுவை நாடகம்தான். ஒரு சோபா, நாலு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர் இருந்தால் வீடு தயார். எப்போதாவது ஒரு குழுவுக்குப் பழைய இசை நாடகம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை பிறக்கிறது. அப்போது முதலில் நினைவுக்கு வருவது சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்'. பிரதி கைக்கு வந்ததும் முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி, "இவ்வளவு பாட்டா? எதையெல்லாம் எடுத்துவிடலாம்?" என்பதுதான்.

கேள்வி நியாயமானதே. ஊரில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் நாடகம் இது. நமக்கோ அரங்கம் மூன்று மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். மறுநாள் எல்லோரும் அலுவலகம் போக வேண்டும். எனவே வெட்டத்தான் வேண்டும். ஆனால் எதை வெட்டுவது என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பாட்டு நாடகத்தில் என்ன வேலை செய்கிறது? இதற்கு விடை தெரியாமல் கத்தரிக்கோலை எடுத்தால் பாட்டும் போகும், கதையும் போகும். இந்தப் பாடத்தின் மையக் கருத்து இதுவே.

இரண்டு மரபுகள்

தமிழ் நாடக மேடையில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு மரபுகள் அடுத்தடுத்து ஓடி வந்திருக்கின்றன.

ஒன்று தொழில்முறை மரபு. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் இதன் தலைமை ஆசிரியர். முதலில் நடிகராக இருந்து, பின்னர் நாடகங்கள் எழுதிப் பயிற்றுவிக்கும் ஆசிரியரானவர். 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பாடம் பயின்றது இங்கேதான். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் நாடகங்களில் பாட்டே உடல். வசனம் மூட்டுப் போல.

மற்றொன்று பயில்முறை மரபு. வேறு தொழில் செய்துகொண்டு, கூலி வாங்காமல், ஆர்வத்தால் நடித்தவர்களின் மரபு. பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்குக் குழு ஒன்றின் நாடகங்களைப் பார்த்த தூண்டுதலால், பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891 ஜூலை முதல் நாள் சென்னையில் 'சுகுண விலாச சபை'யைத் தொடங்கினார்கள். முதலியார் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தவர். எஸ். சத்தியமூர்த்தி போன்றோர் அந்த மேடையில் ஏறினார்கள். நடிகர்களைக் 'கூத்தாடி' என்று இழிவாகப் பேசிய காலத்தில் படித்தவர்கள் அரிதாரம் பூசியது சிறிய செயல் அன்று. இந்தச் சபை பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை முன்னுக்குக் கொண்டு வந்தது.

நம் சங்க நாடகக் குழுக்கள் இந்த இரண்டாவது மரபின் வாரிசுகள். ஆனால் எடுத்துக்கொள்ளும் நாடகமோ முதல் மரபைச் சேர்ந்தது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பேசியே பழகிய நடிகர்களுக்குப் பாட்டு ஓர் இடையூறாகத் தோன்றுகிறது. 'பாட்டு முடியட்டும், பிறகு நடிக்கலாம்' என்று காத்திருக்கிறார்கள். இசை நாடகத்தில் பாட்டு முடியும்போது காட்சியும் முடிந்துவிடும்!

பயில்முறைக் குழுவால் இது முடியாது என்று எண்ண வேண்டாம். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயரின் திருச்சி ரசிக ரஞ்சன சபா 'அரிச்சந்திரா'வை மேடையேற்றியபோது, லோகிதாசனாகப் பாடி நடித்த சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

கதையும் அதன் முடிச்சும்

கதை எல்லோரும் அறிந்ததே. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் கடைசிப் பகுதியாக வருவது வள்ளியம்மை திருமணப் படலம். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் வளர்க்கிறான். பருவம் வந்ததும் தினைப்புனம் காக்க அனுப்புகிறான். நாரதர் வள்ளியைக் கண்டு முருகனிடம் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். கடைசியில் விநாயகர் யானையாக வந்து வள்ளியை அஞ்ச வைக்க, அவள் கிழவரையே அண்டுகிறாள். திருமணம் நடக்கிறது.

இன்றைய பார்வையாளர், அதிலும் நம் பிள்ளைகள், இதைக் கேட்டவுடன் ஒரு கேள்வி கேட்பார்கள். 'வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை விடாமல் துரத்துகிறாரே, இது சரியா?' இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. இதற்கு விடை கதையிலேயே இருக்கிறது. வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகளாகிய சுந்தரவல்லி. முருகனையே கணவனாக அடைய வேண்டித் தவம் இருந்தவள். அவள் கேட்ட வரம்தான் இந்தப் பிறவி. அவள் மறந்துவிட்டாள், அவன் மறக்கவில்லை. வேடன், மரம், கிழவர் எல்லாம் அவளுக்கு நினைவூட்டும் விளையாட்டு.

நம் குழுக்கள் முதலில் வெட்டும் பகுதி எது தெரியுமா? இந்த முற்பிறவிச் செய்தியைச் சொல்லும் தொடக்க விருத்தமும் பாட்டும்தான். 'ஆரம்பம் இழுக்கிறது' என்பது காரணம். இரண்டு நிமிடம் மிச்சமாகிறது; நாடகத்தின் நியாயம் அடியோடு போய்விடுகிறது. உங்கள் கையிலுள்ள பிரதியில் அந்தச் செய்தி எந்த இடத்தில் வருகிறதோ, அங்கே சிவப்பு மையால் 'தொடாதே' என்று எழுதி வையுங்கள். பிரதியில் இல்லையென்றால் நாரதர் வாயிலாக நாலு வரி வசனமாவது சேருங்கள்.

பாட்டு செய்யும் நான்கு வேலைகள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாட்டுக்கு முன் பாத்திரம் எந்த நிலையில் இருந்தது, பாட்டு முடிந்தபின் எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் பாட்டுகள் ஏறக்குறைய நான்கு வகையாகப் பிரியும்.

1. வருகைப் பாட்டு. பாத்திரம் மேடைக்கு வந்து 'நான் இன்னார்' என்று சொல்வது. பெரும்பாலும் இதில் ஒரு சரணம் போதும். வெட்டுவதற்கு முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

2. தொழிற்பாட்டு. வள்ளி பரண் மீது நின்று பறவைகளை ஓட்டும் 'ஆலோலம்' இவ்வகை. அவள் புனத்தின் தலைவி, தன் வேலையில் கெட்டிக்காரி, யாருக்கும் அஞ்சாதவள் என்பதை வசனம் ஏதுமின்றி இந்தப் பாட்டு காட்டிவிடுகிறது. இங்கே எட்டுப் பெண்களை நிறுத்திப் பதிவு செய்த பாட்டுக்கு நடனம் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். வள்ளி காணாமல் போவாள். தோழியர் ஆடட்டும், குரல் வள்ளியுடையதாக இருக்கட்டும்.

3. தர்க்கப் பாட்டு. நாடகத்தின் உயிர் இது. வள்ளியும் நாரதரும், பிறகு வள்ளியும் வேடனும் பாட்டாலேயே வாதாடுவார்கள். ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் பிடித்துத் திருப்பி அடிப்பார். இதில் வெட்டினால் கேள்வியும் பதிலும் சேர்ந்த ஜோடியாகவே வெட்ட வேண்டும். நேரம் கருதி ஒற்றைப்படைச் சரணங்களை எடுத்துவிட்டால், கேட்காத கேள்விக்கு வேடன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

4. விருத்தம். தாளக்கட்டு இல்லாமல், ராகத்தில் நீட்டிப் பாடுவது. மனநிலை மாறும் திருப்பங்களில் வரும். இங்கே நடிகர் நிதானமாகத் தன் மனத்தைத் திறந்து காட்டலாம். விருத்தத்தை எடுத்துவிட்டால் வள்ளி ஏன் மனம் மாறினாள் என்பது யாருக்கும் விளங்காது.

இந்தப் பட்டியல் தயாரான பிறகு வெட்டிப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் நாடகம் முழுமையாகவே நிற்கும்.

கட்டைப் பொருத்தம்

பாத்திரங்களுக்கு ஆள் தேர்வு செய்யும்போது முகப்பொருத்தம், உயரப்பொருத்தம் பார்க்கிறோம். இசை நாடகத்தில் முதலில் பார்க்க வேண்டியது கட்டைப் பொருத்தம்.

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை C-யிலிருந்து எண்ணி 1 கட்டை, 2 கட்டை என்கிறோம். கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று வரும். நம்மிடையே ஆண்கள் பெரும்பாலும் 1 அல்லது 2 கட்டையிலும், பெண்கள் 5 அல்லது 6 கட்டையிலும் வசதியாகப் பாடுவார்கள். இருவரும் தனித்தனியே பாடும்போது தொல்லை இல்லை. தர்க்கத்தில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். அங்கேதான் சுருதி இடிக்கும்.

பழைய மேடைக்கு இந்தத் தொல்லை குறைவு. சிறுவர் குழுக்களில் முருகனும் சிறுவன், வள்ளியும் சிறுவன்; குரல் ஒரே மட்டத்தில் இருக்கும். அவர்கள் அஞ்சியதெல்லாம் பருவத்தில் குரல் உடையும் மகரக்கட்டுக்குத்தான். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து புகழ் பெற்றதற்கு, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை எட்டிய உயர்ந்த சாரீரம் இருவருக்கும் வாய்த்ததும் ஒரு காரணம். அவர்களைப் பார்த்து நாமும் 5 கட்டைக்கு ஏற முயன்றால் இரண்டாம் காட்சியிலேயே தொண்டை கட்டிவிடும்.

நமக்கு இரண்டு வழிகள் உண்டு. குரல் மட்டம் ஒத்த இருவரைத் தேர்ந்தெடுப்பது முதல் வழி. முருகன் வேடத்தைப் பெண் ஒருவரே ஏற்றாலும் பிழையில்லை. ஆண்கள் பெண் வேடம் பூண்டு வளர்ந்த மேடைதானே இது! இரண்டாவது வழி, சுருதி மாறும் இடங்களில் ஒரு வரி வசனம் சேர்ப்பது. வள்ளி பாடி முடித்ததும் வேடன் சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம் பேசட்டும். அதற்குள் ஆர்மோனியக்காரர் அவருடைய கட்டைக்கு மாறிக்கொள்வார். பார்ப்பவருக்கு அது நடிப்பாகவே தெரியும்.

திரைப்படத்துக்கு வேறு வசதி இருந்தது. ஏ.வி. மெய்யப்பனின் 'ஸ்ரீ வள்ளி' 1945-இல் வந்தது. டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. ருக்மணியின் பாட்டுகள் திருப்தியாக அமையவில்லை என்று பி.ஏ. பெரியநாயகியின் குரலில் மீண்டும் பதிவு செய்து சேர்த்தார்கள். மேடையில் இப்படி மாற்ற வழியில்லை. ஆகவே தேர்வு நாளன்றே பாட்டின் உச்ச ஸ்தாயி வரியை ஒவ்வொருவரையும் ஐந்து முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். ஐந்தாவது முறையும் குரல் நின்றால் அவர் தேறினார்.

ஆர்மோனியமா, பதிவு செய்த இசையா?

செலவு குறையும் என்று இசையை முன்கூட்டியே பதிவு செய்து ஓட்டுவது இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் பதிவு செய்த இசை நடிகருக்காகக் காத்திருக்காது. வள்ளி ஒரு சரணத்தை மறந்தால் இசை அடுத்த சரணத்துக்குப் போய்விடும். விருத்தத்தில் நடிகர் உணர்ச்சியோடு ஒரு சொல்லை நீட்டினால் இசை முன்னே ஓடும்.

ஊரில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. ஆனாலும் நாடகம் சீராக நடக்கிறது. எல்லோருக்கும் பாட்டுகள் தலைகீழ்ப் பாடம் என்பது ஒரு காரணம். மேடையிலேயே உட்கார்ந்து பின்பாட்டும் பாடும் ஆர்மோனியக்காரர் மற்றொரு காரணம். நடிகர் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பார், இழுத்தால் நிற்பார். நமக்கோ அந்த நூறு இரவுப் பழக்கம் கிடையாது. ஆகவே ஆர்மோனியத்தின் துணை நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் மூன்றும் போதும். ஊரில் பஜனை வாசிப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் தமிழரல்லாதவராக இருந்தாலும் பரவாயில்லை, பாட்டின் பொருளைச் சொல்லிக் கொடுத்தால் போதும். நடிகர்கள் கண்ணில் படும்படி அவர்களை மேடையோரத்தில் அமர்த்துங்கள். திரைக்குப் பின்னால் வைத்தால் பாதிப் பயன் போய்விடும்.

எழுத்து அறியாத நடிகர்கள்

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து அறியமாட்டார்கள். பாட்டை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொண்டு படிப்பார்கள். அப்படி எழுதியவுடன் ழகரம் மறைகிறது. ண, ன வேறுபாடு குழம்புகிறது. வள்ளி 'வல்லி' ஆகிவிடுகிறாள். கிழவர் 'கிலவர்' ஆகிறார். அவையில் சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை அடுத்த ஆண்டு மேடைப் பக்கமே வருவதில்லை. எனவே இது சிறிய விஷயமன்று.

இதற்கு மருந்து பழைய முறைதான். சிறுவர் குழுக்களில் வாத்தியார் ஒவ்வோர் அடியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லியே பாடம் ஏறியது. காதால் கேட்டு வாயால் சொல்ல வேண்டும். எழுத்து அதற்குப் பின்தான். முதல் மூன்று வாரம் ராகமே வேண்டாம். பாட்டை வசனம் போலச் சொல்ல வையுங்கள். தமிழ் நன்கு உச்சரிக்கும் பாட்டியோ தாத்தாவோ செல்பேசியில் பதிவு செய்து கொடுக்கட்டும். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்லட்டும்.

அடுத்து, சொல்லின் பொருள். தினை என்ன தானியம், பரண் எப்படி இருக்கும், கவண் எதற்கு என்று ஒரு மாலை உட்கார்ந்து சொல்லுங்கள். வேங்கை என்பது மரத்துக்கும் பெயர், புலிக்கும் பெயர் என்று தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லைப் பாடும் விதமே வேறாக இருக்கும். பிறகு பதம் பிரித்தல். ராகத்தின் வசதிக்காக ஒரு சொல்லை நடுவில் முறித்து மூச்சு வாங்கினால் பொருள் கெட்டுவிடும். மூச்சு வாங்கும் இடங்களைப் பிரதியில் கோடிட்டு வையுங்கள்.

பபூனுக்கு ஒரு வேலி

பபூன் இல்லாமல் இந்த நாடகம் இல்லை. உள்ளூர்ச் செய்திகளைச் சேர்த்து அவர் சிரிக்க வைப்பதும் மரபே. ஆனால் நேரத்தைத் தின்பவரும் அவரே. பத்து நிமிடம் கொடுத்தால் அரை மணி எடுப்பார். அந்த நேரம் தர்க்கத்திலிருந்துதான் போகும். அவர் பகுதியையும் எழுதி, நேரம் குறித்து ஒத்திகை பாருங்கள். வள்ளியைக் கேலிப் பொருளாக்கும் சிலேடைகள் வேண்டவே வேண்டாம். தர்க்கத்தில் வள்ளி சரிக்குச் சரி நின்றால்தான் அவள் பின்னால் இணங்குவதற்கு மதிப்பு.

பன்னிரண்டு வாரத் திட்டம்

சனி, ஞாயிறு மட்டும் கூடும் குழுவுக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும்.

முதல் 3 வாரம்: பொருள் விளக்கம், உச்சரிப்பு, பாட்டைச் சொல்லிப் பழகல்.
4 முதல் 7 வரை: கட்டை நிர்ணயம், ஆர்மோனியத்துடன் பாட்டுப் பயிற்சி.
8 முதல் 10 வரை: நடந்து, திரும்பி, அசைந்து பாடுதல். உட்கார்ந்து பாடியவர் நடந்து பாடினால் மூச்சு முட்டும். அதற்கே மூன்று வாரம்.
11: முழு நாடகமும் கடிகாரம் வைத்து.
12: உடை, ஒப்பனை, மைக்குடன் முழு ஒத்திகை.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமையாகிறது என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். சுவாமிகளின் நாடகத்துக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நடுவில் திரைப்படப் பாட்டைச் செருகினால் அது வேறு கணக்கு; செருகாமல் இருப்பதே நல்லது.

பயிற்சி

1. உங்கள் பிரதியில் வள்ளி–வேடன் தர்க்கத்தை எடுத்துக்கொண்டு, எந்தச் சரணம் எந்தச் சரணத்துக்குப் பதில் என்று இலக்கமிடுக.
2. முற்பிறவிச் செய்தி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை அறியாத ஒருவருக்கு மூன்று வாக்கியங்களில் சொல்லிப் பார்க்க.
3. நாடகத்தில் ஒரு விருத்தத்தை வசனம் போல உரக்கப் படித்து, மூச்சு வாங்கும் இடங்களைக் குறிக்க.

நாடகம் முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். வெட்டியது, சேர்த்தது, கட்டை, மூச்சு நிறுத்தம் எல்லாம் குறித்த அந்தப் பிரதியைப் பழைய தாள்களோடு போட்டுவிடாமல் சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறு சிலருக்கு இதே ஆசை வரும். இன்று தோழியாக ஆடிய சிறுமி அன்று வள்ளியாக நிற்கலாம். அவள் கையில் அந்தப் பிரதி இருக்கட்டும்.